ஊர்ப் பொதுமக்கள் கேட்ட பேனர்

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவள் நாகஜோதி. வீட்டில் கடைக்குட்டி. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் மங்கலான போட்டோவிலிருந்து ஒரு தலையை முடி கலையாமல் வெட்டியெடுத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பேனரில் ஒட்டுவதில் இந்தப் பக்கம் அவளை மிஞ்ச ஆளில்லை. வீரபாண்டித் திருவிழா சமயத்தில் ரோட்டோரம் வரிசையாகச் சிரிக்கிற முகங்களில் பாதி அவள் துடைத்துவிட்டவை. ஒருவன் தலை இன்னொருவன் தலையைவிடச் சிறுத்தாலும் ரகளை என்பதால், எல்லாவற்றையும் அளந்துதான் வைப்பாள்.

அச்சாகி வரும் பேனரின் ஓரத்தை மடித்து, கயிறு கட்ட ரிங் அடிப்பவள் கிளாரா. இருவருக்கும் ஒரே ஊர், ஒரே பஸ். மதியம் குழம்பை மாற்றிக்கொள்வார்கள்.

அவர்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம், அதே ஊர் வேல்பாண்டி கூட்டாளிகளோடு வந்தான். மதுரையில் சட்டம் படிக்கிறவன். மாதா கோயிலுக்கு எதிரே வைக்க ஒரு பேனர் வேண்டுமாம். வாசகத்தை போனில் காட்டினான்.

'பால் பவுடருக்கு மதம் மாறிய பங்காளிகளுக்குத் திருவிழா வாழ்த்துகள்!'

அந்தக் காலத்தில் மிஷன்காரர்கள் கொடுத்த பால் பவுடரை வைத்துச் சொல்லும் பழைய ஏச்சு. நாகஜோதிக்குச் சுருக்கென்றது. பின்னறையில் ரிங் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இதை அச்சடித்தால் கிளாராதான் ரிங் அடிக்க வேண்டும். பிறகு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது?

"இதெல்லாம் முடியாது வேலு. அவுக கொஞ்சப் பேரு. சங்கடப்படுவாக."

"பேச்சுரிமைன்னு ஒண்ணு இருக்குக்கா. ஆர்ட்டிக்கிள் பத்தொம்பது. சங்கடம் பாத்தா நாட்டுல யாரும் வாயத் தொறக்க முடியாது."

"அப்ப போட்டோவ அனுப்பு."

"போட்டோ வேணாம்."

பேனரில் போட்டோ வேண்டாம் என்று ஒருவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"பேரு?"

"பேரும் வேணாம். கீழ 'ஊர்ப் பொதுமக்கள்'னு போடுங்க."

மிஷின் சத்தம் நின்றிருந்தது. கிளாரா வாசலில் நின்றாள்.

"ஏலே வேலு, அந்தப் பொதுமக்கள்ல நான் சேத்தியா, இல்லையா?"

வேல்பாண்டி போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"நீ உள்ள போடி, நான் பாத்துக்கிறேன்," என்றாள் நாகஜோதி.

"என்னத்தப் பாத்துக்கிறே? என்னைய ஒரு வார்த்த கேட்டியா? போட்டுக் குடு. ஆனா மூஞ்சியோட போடு. காத்துல கிழியாம நானே ரிங் அடிச்சுத் தாறேன். சொன்னது யாருன்னு எங்களுக்குத் தெரியணும்ல?"

நாகஜோதி இவர்கள் போன வருஷம் போட்ட பேனரின் பைலைத் திறந்து தலைகளை எடுத்து வைத்தாள். மேலே பால் பவுடர் வாசகம், கீழே அத்தனை பேரும் கைகூப்பிச் சிரித்தார்கள். நடுவில் வேல்பாண்டி.

"என்னைய எடுத்துருங்கக்கா," என்றான் ஒருவன். "எங்காத்தா மாதா கோயில்காரவுக தோட்டத்துலதான் வேலைக்குப் போகுது."

"எனக்கு போலீஸ் செலக்‌ஷன் வருது," என்றான் அடுத்தவன்.

ஒவ்வொரு தலையாக இறங்கியது. கடைசியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த தன் தலையைப் பார்த்துவிட்டு, "அந்தப் பால் பவுடர மட்டும் தூக்கிருங்க," என்றான் வேல்பாண்டி. உடனே எல்லாத் தலைகளும் திரும்பி ஏறின. யார் நடுவில் என்று சண்டையும் வந்தது.

திருவிழாவன்று 'பங்காளிகளுக்குத் திருவிழா வாழ்த்துகள்!' மாதா கோயிலுக்கு எதிரே நின்றது. மத நல்லிணக்கத்துக்கு இந்த இளைஞர்களே சாட்சி என்று பங்குச்சாமியார் மைக்கில் நெகிழ்ந்தார். வேல்பாண்டி பேனரில் இருப்பது போலவே கைகூப்பினான்.

"தப்பிச்சோம்டி," என்றாள் நாகஜோதி.

"எங்கன தப்பிச்சோம்? பேனர்ல இருந்தா நேருல போயி நாலு வார்த்த கேட்டிருப்பேன். இனி அதையே டீக்கடையில உக்காந்து சொல்லுவானுக. அங்கன நான் போயி நிக்க முடியுமா?"

அதற்குள் வேல்பாண்டியே வந்துவிட்டான்.

"அக்கா, என் தல மட்டும் கொஞ்சம் சின்னதா தெரியுதே?"

"அளந்துதான் வச்சேன்," என்றாள் நாகஜோதி.

"மொத வாசகத்தோட நின்னிருந்தா, ஒன் தல ஒண்ணுதானலே," என்றாள் கிளாரா. "பேனர் முழுக்க வச்சிருப்பா."