அம்மா தெரிந்தெடுத்த தங்கூசி

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அப்பாவின் மானம் ஒரு மீனின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவோடு வேலை செய்த அங்கிள் ஒருவரிடம் சிறிய படகு இருந்தது. கோடை முடிகிற நேரம் ஒன்ராறியோ ஏரியில் சல்மன் மீன்கள் கரைப்பக்கம் நெருங்கும். அங்கிள் படகை ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு, தூண்டிலைப் பின்னால் இழுபடவிட்டு அவற்றைப் பிடிப்பார். ட்ரோலிங் என்பார்கள். முந்தின வருடம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவின் தூண்டிலில் பெரிய மீனொன்று அகப்பட்டது. அது ஓடின ஓட்டத்தில், றீலில் இருந்த நூல் கீழ்ச்சுற்றுகளுக்குள் புதைந்து சிக்கி, பட்டென்று அறுந்தது. அந்தக் கதையை அங்கிள் ஒரு பிறந்தநாள் விழா விடாமல் சொன்னார். அப்பாவின் முகம் போன போக்கையும் நடித்துக் காட்டினார்.

மறுவருடமும் அங்கிள் கூப்பிட்டார். இந்தமுறையும் வெறுங்கையோடு திரும்பினால் கதைக்கு இரண்டாம் பாகம் வந்துவிடும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆகவே ஒரு மாதம் ஆராய்ச்சி செய்து, பிழை முழுவதும் நூலில்தான் என்று கண்டுபிடித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எண்பது இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் வாங்கினால் எந்த மீனும் அசையாது என்றார்.

அம்மா மில்லிக்கன் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் மோட்டர்களுக்குச் செப்புக் கம்பி சுற்றுகிறவர். தூண்டில் தடியைத் தொட்டதுகூட இல்லை. அன்றைக்கு அந்தப் பழைய றீலை எடுத்து, மிஞ்சிக் கிடந்த நூலைப் பெருவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே அமிழ்ந்தது.

"இது நூலின்ர பிழையில்லை. சுத்தின ஆளின்ர பிழை."

சுற்றின ஆள் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கடைக்கு மூவரும் போனோம். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. "இழுத்தால் நீளுமோ எண்டு கேள் பிள்ளை," என்றார் அம்மா. நான் கேட்டேன். கடைக்காரர் பதிலை அப்பாவுக்குச் சொன்னார். "றீலுக்குள்ள எத்தினை அடி போகும்?" அதற்கும் அப்பாவைப் பார்த்தே பதில். மூன்றாவது கேள்வியோடு அந்த மனிதர் அம்மாவின் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டார்; அதன்பிறகு அப்பா அங்கே நிற்பதையே மறந்துபோனார். அம்மா பின்னல் நூலிலும் நைலோன் நூலிலும் ஒவ்வொரு துண்டு வாங்கிக் கைகளில் சுற்றி இழுத்தார். பின்னல் நூல் அசையவில்லை. நைலோன் கொஞ்சம் நீண்டு, விட்டதும் சுருங்கியது. அவர் நைலோனைக் காட்டினார்.

அப்பாவுக்குத் தாங்க முடியவில்லை. "உது தங்கூசியல்லோ! ஊரில சின்னப் பொடியள் கெளிறு மீன் பிடிக்கிற நூல். கனடாவுக்கு வந்தும் தங்கூசியோ?"

"படகும் ஓடுது, மீனும் ஓடுது. நடுவில ஒண்டு இளகிக் குடுக்கத்தானே வேணும்? உங்கட நூல் அறாது. மீன்ர வாய் கிழிஞ்சுபோம்."

நான் மொழிபெயர்க்காமலே கடைக்காரர் தலையாட்டினார். இருபத்தைந்து இறாத்தல் தாங்கும் தங்கூசியும், நூல் எத்தனை அடி போயிருக்கிறது என்று சின்னக் கண்ணாடிக்குள் இலக்கம் காட்டும் றீல் ஒன்றும் வாங்கினோம்.

அன்று பின்னேரம் குசினி நிலத்தில் சுற்று வேலை நடந்தது. நூற்கட்டையைப் பென்சிலில் கோத்து நான் பிடித்தேன். அப்பா றீலைச் சுழற்றினார். அம்மா ஈரத் துணிக்குள்ளால் நூலை விட்டு, விரல்களால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். "மெல்ல. இறுக்கம் மாறுது," என்பார்; உண்மையிலேயே அப்பாவின் கை அப்போதுதான் வேகம் மாறியிருக்கும். முடிந்ததும் தொட்டுப் பார்த்தேன். கல்லுப் போல் இருந்தது. பிறகு அம்மா நூல் நுனியில் ஆறு இறாத்தல் அரிசிப் பையைக் கட்டித் தூக்கி, பை மெல்லக் கீழே இறங்கத் தொடங்கும்வரை றீலின் பிரேக்கைத் தளர்த்தினார். "இனி இதைத் தொடக்கூடாது," என்றார். என் வகுப்பில் ஒருவருக்கும் இப்படி ஒரு அம்மா இல்லை என்று எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை அங்கிளும் அப்பாவும் நானும் படகில் போனோம். நூற்றிருபது அடி நூல் விட்டு இரண்டு மணித்தியாலம் இழுத்தோம். அங்கிள் தன் பழைய கதையை ஆரம்பித்த நேரம் தடி வளைந்தது. றீல் கத்தியது. கண்ணாடிக்குள் இலக்கங்கள் ஓடின: நூற்றைம்பது, இருநூறு, இருநூற்றெண்பது.

"இறுக்கு! பிரேக்கை இறுக்கு!" என்று அங்கிள் கத்தினார். அப்பாவின் கை பிரேக்குக்குப் போனது.

"அம்மா தொடவேண்டாம் எண்டவ!" என்று நான் வீறிட்டேன்.

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். முன்னூற்றுப் பத்தில் மீன் நின்றது. அதன்பிறகு அரை மணித்தியாலம் அதற்கும் அப்பாவுக்கும் இழுபறி. வலைக்குள் வந்தபோது இருபது இறாத்தலுக்குக் குறையாது. அங்கிள் ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்து பிடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேர்மையாகவே சொன்னார்: "உம்மட தங்கூசிதான் பிடிச்சது." அம்மா மீனைப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். எத்தனை அடி ஓடியது? எப்படிச் சத்தம் போட்டது? நின்றபோது தடி எப்படி இருந்தது? நான் சொன்னேன். இன்னொருக்கால் சொல்லச் சொன்னார். மூன்றாம் தரமும் சொன்னேன். சுற்றியதில் பிழை ஏதும் இருந்ததா என்று சரிபார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் படகில் நாலு இருக்கைகள். நாலாவதில் ஐஸ்பெட்டியை வைத்திருந்தோம். அன்று விடிய நாங்கள் புறப்பட்டபோது, அம்மா சப்பாத்துப் போட்டு, ஜக்கெற்றின் சிப்பையும் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கார்க் கதவடியில் நின்றார். வழியனுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கையசைத்தேன்.