ஸ்டெல்லா அத்தையின் சிவப்புக் கார்

நேற்று சிக்னலில் ஒரு பழைய கார் கக்கிய பெட்ரோல் வாசனை, வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோனது. இன்று அங்கே ஒரு தொழிற்சாலையின் மதில் நிற்கிறது. ஷிப்ட் முடித்து பஸ்ஸில் வந்திறங்கும் ஸ்டெல்லா அத்தை, அப்பாவின் தங்கை, யூனிபார்மைக்கூட மாற்றாமல் அந்தக் கொட்டகைக்குள் நுழைவாள். காயலான் கடையில் வாங்கிய, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னப் பந்தயக் கார் அவளுடையது. வேகமெடுத்தால் திணறும், இல்லையென்றால் டப்பாவில் போட்ட கல்லைப்போலக் கடகடக்கும். என்ஜினுக்குள் தீப்பொறி விழும் நேரம்தான் கோளாறு என்று, அந்த நேரத்தை முன்பின் நகர்த்தும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, நூலளவு திருப்பி, இறுக்கி, மண்ரோட்டில் ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து மறுபடியும் தளர்த்துவாள்.

"நிலத்த வித்தாச்சு, கொட்டாய இடிக்கப் போறாங்கோ. இத வெச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்றார் அப்பா.

"ரேஸுக்குப் போறேண்ணா."

போட்டியன்று வெயிலில் கார் மறுபடியும் கடகடத்தது. மற்றவர்கள் சிரிக்கச் சிரிக்க, அத்தை பானெட்டைத் திறந்து, சூட்டில் கை பொசுங்கப் பொசுங்க டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிவிட்டு ஏறினாள். கடகடப்பில்லாமல் சீறிய கார் நான்காவதாக வந்தது.

"போதுமா?" என்றார் பார்க்க வந்திருந்த அப்பா.

"இன்னும் கொஞ்சம் திருப்பலாம்ண்ணா."

அதுவரை அந்தக் காரைத் தொட்டேயிராத அப்பா, குனிந்து ஸ்பேனரை எடுத்து அவளிடம் நீட்டினார்.