இனாபா கார் வாங்கிய கதை

எங்கள் தெருவில் தோஃபு என்னும் சோயாக் கட்டி விற்ற இனாபா, ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு கார்களை மனத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்று சில்வியா; வளைவுகளில் பூனை மாதிரித் திரும்பும். மற்றது பிரிலூட்; அதில் கூரை ஜன்னல் திறக்கும். எதில் ஏற்றினால் அரிசிக்கடை செட்சுகோ கல்யாணத்துக்குச் சம்மதிப்பாள் என்பதுதான் அவர் கவலை. அவள் தலைக்குமேல் வானம் தெரியட்டும் என்று கடைசியில் பிரிலூடை வாங்கினார்.

எங்கள் ஊரில், நிறுத்த இடமுண்டு என்று போலீஸ் சான்று தந்தால்தான் கார் கைக்கு வரும். வீட்டோரச் சந்தின் அகலத்தை அளந்து, வண்டி அடங்கும் என்றார்கள். கதவு திறக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

வண்டி வந்த அன்று ஊர்த் திருவிழா. செட்சுகோவை ஏற்றிவந்து, பெருமையாகச் சந்துக்குள் நுழைத்தார். இரண்டு நீளக் கதவுகளும் உள்ளங்கை அகலத்துக்குமேல் திறக்கவில்லை. பின்னால் எடுக்கலாமென்றால், சாமிப் பல்லக்கைச் சந்து வாசலில் இறக்கிவிட்டு, தூக்கிவந்தவர்கள் சாக்கே என்னும் அரிசி மது குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

"பல்லக்க நகர்த்தச் சொல்லுங்களேன்."

"சாமிய நகரச் சொன்னா அப்பறம் எங்கிட்ட தோஃபு யாரு வாங்குவா?"

"அப்ப இதுக்குள்ளயே குடித்தனம் நடத்துறதா?"

"அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்."

செட்சுகோ சிரித்தபடி கூரையைத் திறந்து மேலே ஏறினாள். பல்லக்குச் சாமியே எட்டிப் பார்த்தது. நான் சத்தியம் செய்வேன். அவள் குனிந்து சொன்னாள்:

"வண்டி நல்லாத்தான் பாத்து வாங்கியிருக்கீங்க. ஏறி வாங்க. அங்க குடிச்சிட்டிருக்கிறதுல மொத ஆளு எங்கப்பா. நல்ல மூடுல இருக்காரு, இப்பவே கேட்டுடுங்க."