வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு மிளகு

பூனைக்குட்டி வளர்ப்பது முழுநேர வேலை. சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது, மேலதிகாரிகள் எல்லாருக்கும் மீசை உண்டு. சோபாவின் ஒரு மூலை மட்டும் நார்நாராகத் தொங்கும் வீட்டிலிருந்து இதைப் படிக்கும் அன்பர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நம் கஷ்டம் நமக்குத் தெரியும். மற்றவர்கள், நாளைக்கே இந்த வேலையில் சேர நேரலாம் என்பதால், கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.

கேசரி

குரோம்பேட்டையில், முதல் மாடி ஃபிளாட்டில், நானும் என் கணவரும் மட்டும் இருக்கிறோம். குட்டி வேண்டும் என்று நாங்கள் கேட்டு வைத்திருந்த பெண்ணின் பெயர் திவ்யா. பொழிச்சலூரில் இருக்கிறாள். தெருவில் யாரோ விட்டுப்போன பூனைக்குட்டிகளை எடுத்துத் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பவள். “முதல்ல வீட்டைப் பார்க்க வர்றேன்” என்று போனில் சொன்னாள். வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும். நான் கேசரி கிளறி, வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். என் கணவர் இஸ்திரி போட்ட சட்டையுடன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

வீடு சொந்தமா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், யாருக்காவது பூனை முடி ஒத்துக்கொள்ளாதா என்று திவ்யா வரிசையாகக் கேட்டாள். பிறகு அந்தப் பக்கத்து விவரத்தைச் சொன்னாள். குட்டிகள் இரண்டு, கூடப் பிறந்தவை. ஒன்று பழுப்பு வரி, தைரியசாலி. இன்னொன்று கறுப்பு, பயந்தாங்கொள்ளி. ஏற்கெனவே ஒரு வீட்டில் எடுத்துப்போய், கறுப்பு எப்போதும் ஒளிந்துகொள்கிறது, நிறமும் ராசியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். இன்னொரு தடவை அப்படி ஆனால் அது அப்புறம் மனிதர்களையே நம்பாது. அதனால் ஒரு மாதம் எங்களிடம் விட்டுப் பார்ப்பாள். அதற்குள் கறுப்பு பழகாவிட்டால் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒன்றை மட்டும் தரமாட்டாள்.

நாங்கள் தலையாட்டினோம். அவள் எழுந்து அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்து, கைகழுவிக்கொண்டே சொன்னாள்: “கேசரி ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி. ஆனா பால்கனிக்கு வலை போட்டாத்தான் மேற்கொண்டு பேச முடியும்.”

பாலாடை

வலை போட்டோம். குட்டிகள் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தன. பழுப்புக்குச் சீரகம் என்றும் கறுப்புக்கு மிளகு என்றும் பெயர் வைத்தேன். சீரகம் பெட்டியிலிருந்து இறங்கி, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் போல ஒவ்வொரு மூலையாக முகர்ந்தது. மிளகு ஒரே ஓட்டமாக ஓடி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது.

பூனை என்றால் பால். இதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பல வருடங்கள் பத்திரிகைகளின் சிறுவர் பகுதிக்குக் கதை எழுதியவள் நான். என் கதைகளில் வந்த குட்டிகள் எல்லாம் பால்தான் குடித்தன. என் கணவர் பீரோவில் தேடி, எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்து, சீரகத்தை மடியில் போட்டு, தலையைத் தாங்கி, முறையாகப் புகட்டினார். மிளகின் பங்கைக் கிண்ணத்தில் ஊற்றி மெஷின் ஓரமாகத் தள்ளினார். மறுநாள் காலையில் குளியலறை மிதியடி, சமையலறை மிதியடி, என் கணவரின் வேட்டி மூன்றையும் ஊறவைக்க வேண்டியதாயிற்று. சீரகம் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தது. தாம்பரத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவர் நடந்ததையெல்லாம் கேட்டு, வயிற்றை அமுக்கிப் பார்த்து, மருந்து கொடுத்து, பாக்கெட் பால் குட்டிகளுக்கு ஜீரணமாகாது, இனி ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது என்றார். “கதையில எல்லாம் குடிக்குமே டாக்டர்” என்றேன். அவர் மருந்துச்சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கதையில மிதியடியை யார் தோய்ச்சாங்கன்னு எழுதினீங்களாம்மா?”

கீரைக்கு அடியில்

பால் இல்லை என்றால் மீன். நாங்கள் பரம்பரைச் சைவம். திவ்யா குட்டிகளுக்கான தீனியும் கொடுத்திருந்தாள். சீரகம் அதைச் சாப்பிட்டது. மிளகு, நாங்கள் அறையை விட்டுப் போன பிறகு இரண்டு வாய் சாப்பிடும், அவ்வளவுதான். அதன் முதுகெலும்பு எண்ணும்படி தெரிந்தது. வேக வைத்த மீன் கொடுத்துப் பாருங்கள் என்று மருத்துவர் போனில் சொன்னார். இப்படிச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போனை வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் அன்று யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில், பால்கனியில் ஒரு பழைய கரண்ட் அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி என்று ஏற்பாடானது. சமைப்பது அவர்; வாங்குவது நான். கோவளம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் தெருமுனையில் விற்கும் அஞ்சலையிடம் போய், மீனின் பெயர் தெரியாமல், “முள்ளு கம்மியா ஏதாவது ஒண்ணு” என்றேன். எப்படி வெட்டட்டும் என்றாள். “பீன்ஸ் பொரியலுக்கு நறுக்குற மாதிரி” என்றேன். அருவாமனையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பையில் மீனைப் போட்டு, அதன் மேல் இரண்டு கட்டு அரைக்கீரையைப் பரப்பி மூடிக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது: “யம்மா, கீரைய போட்டு மூடிக்கினு போறியே, நாத்தத்த இன்னா போட்டு மூடுவ?”

விமானமும் விசிலும்

மிளகு மீனைச் சாப்பிட்டது. மெஷின் இடுக்கிலிருந்து ஒரு கறுப்புக் கை நீண்டு, துண்டை இழுத்துக்கொள்ளும். அந்தக் கையைப் பார்க்க நாங்கள் இருவரும் தரையில் மண்டியிட்டுக் காத்திருப்போம். ஒருநாள் தலையும் வந்தது. பச்சைக் கண். அடுத்த நொடி என் குக்கர் விசில் அடித்தது. அவ்வளவுதான், அன்று முழுக்க வெளியே எட்டிப்பார்க்கவே இல்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. விமான நிலையம் பக்கம் என்பதால், எங்கள் மொட்டைமாடியைத் தொட்டுவிடுவது போல விமானம் போகிறது. நாங்களே பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறோம். குட்டிகள் காதைக்கூட அசைப்பதில்லை. குக்கருக்கு மட்டும் என்ன இவ்வளவு பயம்? திவ்யாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. “பொழிச்சலூர்ல ஃப்ளைட் தாலாட்டு மாதிரி ஆன்ட்டி. குக்கரை, நான் சமைச்சிருந்தாத்தானே அதுங்க பார்த்திருக்கும்.”

செய்தி வாசிப்பவர்

அன்றிலிருந்து சாதத்தை வடித்தேன், பருப்பை வாணலியில் வேகவைத்தேன். என் கணவர் வேறொரு வழி கண்டுபிடித்தார். நம் குரல் அதற்குப் பழக வேண்டும் என்று, காலையில் மெஷின் முன்னால் மணை போட்டு உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பார். அரசியல் செய்தியில் குரல் உயர்ந்துவிடுகிறது, அது பயப்படுகிறது என்று, பிறகு மணமகள் தேவை விளம்பரங்களை மட்டும் வாசித்தார். நல்ல குடும்பம், நல்ல வேலை, எல்லாம் அமைதியான விஷயங்கள்.

இந்த நேரம் பார்த்து வாஷிங் மெஷின் நின்றுபோனது. மெக்கானிக் வந்தார். கதவைத் திறந்து நான் உள்ளே கூட்டிவந்தபோது, என் கணவர் மெஷினைப் பார்த்து, “பையன் சொந்த ஊர் செங்கல்பட்டு, ஒரே தங்கை, அவளுக்கும் கல்யாணம் ஆயிடுச்சு” என்று கனிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் பையைக் கீழே வைக்கவில்லை. மெஷினை இழுத்தால்தான் பின்பக்கம் திறக்க முடியும் என்றார். இழுக்கக் கூடாது, பின்னால் குட்டி இருக்கிறது, அதுவாக வரும்போது சொல்லி அனுப்புகிறோம் என்றார் என் கணவர். அதுவரை துணி? கையால் தோய்த்துக்கொள்வோம். நிஜமாகவே தோய்த்தோம், போர்வை பிழிவதற்கு இரண்டு முனையில் இரண்டு பேர் வேண்டும் என்பதையே நாங்கள் மறந்திருந்தோம். மெக்கானிக் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: “மேடம், ரிப்பேர் மெஷின்லதானா?”

குறுக்கே போனது

மிளகு ஒருநாள் காலை வெளியே வந்துவிட்டது. விளம்பரத்தில் எந்த வரன் பிடித்ததோ, தெரியவில்லை. மணையைச் சுற்றி நடந்து, என் கணவரின் கால் கட்டைவிரலை முகர்ந்து, நேராகச் சமையலறை ஜன்னல் திட்டில் ஏறிக்கொண்டது. அவர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். நான் தாளிப்பதை நிறுத்திவிட்டு நின்றேன். கையால் தொட விடவில்லை, பரவாயில்லை. அன்றிலிருந்து அந்தத் திட்டு அதனுடையது.

அந்த ஜன்னல் மாடிப்படியைப் பார்த்தது. இரண்டாம் மாடியில் இருக்கும் ரமேஷ், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், படியிறங்கும்போதெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புப் பூனை இடமிருந்து வலமாகப் போவதைப் பார்த்தார். அவர் கோபக்காரர் இல்லை. திரும்பிப் போய், வீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்குவார். மிளகு இப்போது வலமிருந்து இடமாகப் போகும். பழைய வீட்டில் நிறத்தைச் சொல்லித்தானே திருப்பிக் கொடுத்தார்கள். இங்கே அபார்ட்மென்ட் கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டு, அது திவ்யா காதுக்குப் போனால்? ஒருநாள் ரமேஷ் எங்கள் அழைப்பு மணியை அடித்தார். உள்ளே கூப்பிட்டு, ஜன்னலுக்குத் திரை போட்டுவிடுகிறேன் என்று நானே முந்திக்கொண்டேன். அவர் சங்கடமாகச் சிரித்தார். “திரையெல்லாம் வேணாம் ஆன்ட்டி, நல்ல குட்டி. எட்டரைக்கு மட்டும் அது உட்கார்ந்திருக்கிற மாதிரி பார்த்துக்குங்க, நடந்தாத்தான் எனக்கு ஆபீஸ் லேட்டாவுது.”

கூடை

மாதம் முடிந்தது. திவ்யா வரும் அன்று காலையில் என் கணவர் மணையில் உட்கார்ந்தும் விளம்பரம் வாசிக்கவில்லை. மிளகு அன்று வரைக்கும் எங்கள் கையில் ஏறியதில்லை. ஜன்னலில் உட்காரும், காலை முகரும், தடவப் போனால் நழுவும். இதைப் பழகியது என்று சொல்லலாமா, கூடாதா? பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் அம்மா போல நான் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன்.

திவ்யா மூடி போட்ட பிரம்புக்கூடை ஒன்றைக் கொண்டுவந்து, கூடத்தில் செருப்பு ஸ்டாண்ட் பக்கம் வைத்தாள். குன்றத்தூரில் ஒரு குடும்பம் ஜோடியாகக் குட்டி கேட்டிருப்பதாக வந்ததுமே சொன்னாள். எங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அவள் மறைத்துப் பேசுகிறவள் இல்லை. சீரகம் அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. “மிளகு எங்க?” என்றாள். ஜன்னலில் இல்லை. மெஷினுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம், இல்லை. கட்டிலடி, பீரோ மேல், பால்கனி. வலையை நான் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன், கிழிசல் இல்லை. “யாரோ வந்தது தெரிஞ்சு ஒளிஞ்சிடுச்சு” என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். அதைச் சொன்னதும் எங்கள் இருவருக்குமே தோற்றுவிட்டோம் என்று தோன்றிவிட்டது. சரி, கொண்டுபோ என்று சொல்ல அவர் வாயெடுக்கும்போது, செருப்பு ஸ்டாண்ட் பக்கமிருந்து ஒரு கொட்டாவி கேட்டது.

கூடையின் மூடியைத் தள்ளிவிட்டு, மிளகு உள்ளே படுத்திருந்தது. எனக்குக் கண் கலங்கியது. கிளம்பவே தயாராகிவிட்டதே என்றேன். திவ்யா குனிந்து கையை நீட்டினாள். மிளகு அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டி, நகம் படாமல்தான், தள்ளிவிட்டது; பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, அவர் விரலில் தலையை முட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. திவ்யா எழுந்து, துப்பட்டாவில் ஒட்டியிருந்த சீரகத்தின் முடியைத் தட்டிவிட்டாள்.

“பயந்த குட்டி புதுச் சாமான்கிட்ட வரவே வராது ஆன்ட்டி. இந்த வீட்டுக்குள்ள வர்றதெல்லாம் தன்னுதுன்னு முடிவு பண்ணிடுச்சு. குன்றத்தூர்ல வேற ஜோடி கொடுத்துக்கிறேன், கூடையை மட்டும் அது தூங்கி எழுந்ததும் யார்கிட்டயாவது கொடுத்தனுப்புங்க.”

ஆக, சக ஊழியர்களே, பூனைக்குட்டி வளர்ப்பது என்பது அது நம்மைச் சகித்துக்கொள்ளும் வரை மணை போட்டுக் காத்திருப்பதும், சகித்துக்கொண்ட பிறகு நம் வீட்டில் நமக்கு உட்கார இடம் கிடைக்குமா என்று காத்திருப்பதும்தான்.