அதே பாவம், சாமி

மண்ணெண்ணெயில் ஊறிய அரிசியின் நாற்றம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில், ரேஷன் கடையில் அரை நாள் நின்று வாங்கிவந்த அந்த வாரத்து அரிசியின்மேல் என் நாத்தனார் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிவிட்டார். கால் இடறிவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை. அது தெரிந்தும் நான் வாயைத் திறந்தேன்.

அவர் என் கணவருக்கு அக்கா. புருஷன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இறந்துபோக, பிள்ளையும் இல்லாமல் எங்களோடு வந்து சேர்ந்தவர். காது மந்தம். எதைச் சொன்னாலும் "இன்னாமே சொன்னே?" என்று மூன்று தரம் கேட்பார். மூன்றாம் தரம் சொல்லும்போது என் குரலில் விஷம் ஏறியிருக்கும். செவிட்டு முண்டம் என்பேன், தண்டச்சோறு என்பேன். சனிக்கிழமை மாலை கோயிலில் மண்டியிட்டு, பாவசங்கீர்த்தனம் கேட்கும் பங்குச் சாமியாரிடம் அத்தனையும் சொல்வேன். பரிகாரமாக மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுப்பார். ஞாயிறு பூசையில் நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்குவேன். திங்கட்கிழமை குழாயடியில் மறுபடியும் அதே வாய். நான்கு வருஷம் இப்படியே போயிற்று. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவசுகாலத்திலாவது அவரைக் கடிந்து பேசுவதில்லை என்று பீடத்துக்கு முன்னால் நேர்ந்துகொண்டேன். இரண்டாவது வாரத்தில்தான் அரிசி பாழானது.

"புருஷனை முழுங்கினது பத்தலியா? எங்க சோத்தையும் முழுங்கணுமா?" என்று கத்தினேன்.

அன்றைக்கு அவர் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. சிந்தியதை முறத்தில் அள்ளி ஓரமாக வைத்தார். இரண்டு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எண்ணூரில் சித்தி மகள் வீட்டில் இருப்பதாக மறுநாள் தகவல் வந்தது. என் கணவர் சோறு எடுக்காமல் பெரம்பூருக்கு வேலைக்குப் போனார்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு என்மேல் இருந்த எரிச்சல், அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடும் மன்னிப்பின்மேலும் திரும்பியது. "அதே பாவம், சாமி. நாலு வருசமா அதேதான். உங்களுக்குச் சலிக்கலியா?" என்று கேட்டேன்.

"சலிக்குதும்மா. ரொம்பவே சலிக்குது. ஆனா மன்னிக்கிறது நான் இல்லியே" என்றார் சாமியார். பிறகு, "இந்தத் தடவை மந்திரம் வேணாம். போயி அவங்களைக் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

எண்ணூரில் நாத்தனார் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "தப்பா பேசிட்டேன்க்கா, மன்னிச்சுக்கோ" என்றேன்.

"இன்னாமே சொன்னே?"

இன்னொரு தரம் சொன்னேன். கேட்கவில்லை. மூன்றாம் தரம், அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்க, அடித்தொண்டையிலிருந்து கத்திச் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "அரிசிக்கு இன்னா பண்ணீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

பஸ் திருவொற்றியூர் வருவதற்குள், எங்கே இறங்கவேண்டும் என்று அவர் நான்காம் முறை கேட்டார். "காதுல இன்னா ஈயமா ஊத்தி வெச்சிகிறே?" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவரோ சிரித்தார். "வுடு. வர்ற சனிக்கெழம சாமிகிட்ட சொல்லிக்கோ" என்றார்.

அதன்பின் பதினோரு வருஷம் என்னோடு இருந்தார். நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான், பொய்யாகிவிடும். அவர் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட, "கஞ்சியைக் குடியேன்க்கா, எத்தினி தபா சொல்றது!" என்று அதட்டினேன். அவர் என் வாயிலிருந்து கேட்ட கடைசிச் சொல் அதுதான். அதையும் போய்ச் சொன்னேன். பழைய சாமியார் மாறிப்போய் வேறொருவர் வந்திருந்தார். அவரும் மன்னிப்புக் கொடுத்தார்.

இப்போது எனக்கே காது மந்தம். மருமகள் பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். சர்வேசுரனுக்கு என்மேல் ஏன் இன்னும் அலுக்கவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. நேற்று அவளை ஏசிவிட்டேன். நாளை சனிக்கிழமை. போகத்தான் வேண்டும்.