ருசி பார்க்காமல் பங்கு போட்டவர்

கீழ்பென்னாத்தூர் போகும் முதல் பஸ்ஸுக்கு மசாலா கடலைச் சரங்களைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கண்டக்டர் தாமோதரன் எப்போதும் கை நீட்டி வாங்கி, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் மாட்டிக்கொள்வார். அன்று கையை நீட்டவில்லை.

"ஏழுமல, சரத்த கீழ வெச்சிட்டு நீ ஏறு. பத்மாவதியம்மா நேத்து சாயங்காலம் போய்ட்டாங்களாம். அந்த ஊர்ல நைட் ஹால்ட் போடற பஸ்ஸுக்காரர் இப்பதான் வந்து சொன்னார்."

ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு ஊர் தாண்டியதும் பத்மாவதி அக்கா எப்போதோ சொன்ன ஒன்று ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். சாவுக்குப் போகிறவன் சிரிக்கக்கூடாதுதான். ஆனால் பத்மாவதி அக்காவை நினைத்துக்கொண்டு நெடுநேரம் மூஞ்சியைத் தொங்கப்போட என்னால் முடியாது. இந்தக் கட்டுரையும் அப்படித்தான் இருக்கும்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். பரம்பரை பரம்பரையாக அங்கேயே பயிர் வைக்கும் ஜைனக் குடும்பம். கணவர் ஜீவகன் சார் பள்ளிக்கூட ஆசிரியர், அதிகம் பேசாதவர். நெல், கடலை, மண்டி வியாபாரம் எல்லாம் அக்கா பார்த்துக்கொண்டார். திருவண்ணாமலையில் புதிதாகத் தொழில் தொடங்க நினைத்தவர்களில் பாதிப் பேராவது அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார்கள். காரணம் எளியது. ஊரில் எல்லோரும் வட்டிக்குக் கொடுத்தார்கள். அக்கா ஒருவர்தான் பங்குக்குப் போட்டார்.

"வட்டிக்குக் குடுத்தா, அவன் செத்தாலும் எனக்கு வரணும்னு நெனப்பேன். பங்குன்னா அவன் பொழைக்கணும்னு நெனப்பேன். எனக்கு ரெண்டாவதுலதான் தூக்கம் வருது" என்பார்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷத்தோடு நின்றவன். ஒரு இடத்தில் உட்கார வராது. அப்பா அதைப் புரிந்துகொண்டு ஒரு கெடு வைத்தார். ஆடி பிறப்பதற்குள் ஏதாவது ஒரு தொழில் காலூன்ற வேண்டும். இல்லையென்றால் மெட்ராஸில் மாமாவின் இரும்புக் கடையில் போய் நிற்க வேண்டும். அங்கே ஏற்கெனவே என் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். தீபாவளிக்கு வந்தபோது எங்களிடம்கூடக் கையைக் கட்டிக்கொண்டு பேசினான். அதைப் பார்த்த அன்றே மெட்ராஸ் எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

என்னிடம் இருந்தது ஒரு யோசனைதான். மசாலா கடலையைச் சின்னச் சின்ன பாலிதீன் பாக்கெட்டாகப் போட்டு, சரமாகத் தைத்து, டீக்கடையிலும் பெட்டிக்கடையிலும் தொங்கவிடுவது. பாக்கெட்டின் வாயை ரம்பத்தகட்டில் மடித்து மெழுகுவர்த்தித் தீயில் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். அதுதான் என் தொழிற்சாலை. கார்த்திகை தீபத்துக்குப் போட்டதெல்லாம் விற்றுத் தீர்ந்தது. ஒரு பெரிய அடுப்பும் சீல் வைக்கும் மெஷினும் வாங்கப் பங்காளி கிடைத்தால் போதும் என்று குஷியாக அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். தொழில் பேச வருகிறவர்களை அந்தச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்தில்தான் உட்கார வைப்பார். அவர் சாப்பிட எழுந்தால் பேச்சு முடிந்தது. இது தெரியாமல் நான் எங்கள் தாத்தா கடலை பயிரிட்ட கதையிலிருந்து ஆரம்பித்தேன். தாத்தா கிணறு வெட்டிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்துவிட்டார்.

"ஏழுமலதான பேரு? இன்னிக்குத் தாத்தா வரைக்கும் வந்துட்டோம். கடலைக்கு நாளைக்கு வரலாம்."

மறுநாள் ஒரே மூச்சில் சொன்னேன். "மசாலா கடலை. சின்ன பாக்கெட். சரமா தொங்கும். தீபத்துக்கு எல்லாம் வித்துப்போச்சு. பங்குக்கு ஆள் வேணும்."

"மசாலாவுல பூண்டு இருக்கா?"

"அதுதான்க்கா ருசியே."

"அப்ப நான் வாயில வெக்க முடியாது" என்றார். அவர்கள் வீட்டில் பூண்டு, வெங்காயம் கிடையாது. வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன். "உக்காருப்பா. நான் திங்கலன்னா மத்தவங்க திங்க மாட்டாங்களா? ஆனா தீபத்துக் கதய எங்கிட்ட சொல்லாத. தீபத்துக்கு வர்ற கூட்டத்துக்கிட்ட கல்லப் பொட்டலம் கட்டி வெச்சாலும் விக்கும். மார்கழி கழிச்சு வா."

எனக்குக் கோபம். இந்த ஊரில் தீபக் கூட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போடாத வியாபாரி யார்? நானும் போட்டேன். மார்கழிக்கென்று மலை மாதிரி வறுத்து வைத்தேன். மார்கழிக் குளிரில் தெருவில் ஆளே இல்லை. மெழுகுவர்த்தி ஒட்டு பல பாக்கெட்டில் விட்டுப்போய், பனிக்குக் கடலை நமுத்துப்போனது. பாதியை எதிர்வீட்டு மாடு தின்றது. மீதியை அதுவும் தொடவில்லை.

தை பிறந்ததும் போய் நடந்ததைச் சொன்னேன்.

"நமுத்துப்போச்சுன்னு நீயே வந்து சொல்ற?"

"வேற யார் வந்து சொல்லுவாங்க? மாடா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உன்னத் தேடிக்கிட்டு எந்தக் கடைக்காரனாவது வந்தானா?"

"இல்ல. நான்தான் சைக்கிள்ல போய்ப் போட்டேன்."

"நீ தேடிப் போய் வித்தா அது உன் காலு. அவன் தேடி வந்தாத்தான் அது கடலை. எனக்கு உன் கால்ல பங்கு வேணாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் தாமோதரன் ஒரு ஊரில் மருந்துப் பொட்டலத்தையும், இன்னொரு ஊரில் கல்யாணப் பத்திரிகையையும், மூன்றாவது ஊரில் யாரோ ஒருவர் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டையும் ஜன்னல் வழியாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது கேட்டேன்.

"அண்ணே, ஜாக்கெட்டு போற வழியில என் கடலை போகாதா?"

"உடையாதில்ல? அப்ப குடு" என்றார்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கடைக்கு ஒரு சரம். புதுச் சரம் வேண்டுமென்றால் கடைக்காரர் காலிச் சரத்தின் நூலை மட்டும் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். முதல் வாரம் ஒரே ஒரு நூல் வந்தது. மாசி பாதியில் தாமோதரன் ஒரு கத்தை நூலை என் மேல் வீசினார்.

"யோவ், உன் கடலைக்காக ஸ்டாப்பே இல்லாத எடத்துல எல்லாம் கை காட்டறான். ஆள் ஏறுதுன்னு நிறுத்தினா, சரம் இருக்கான்றான். டைம் கீப்பர் என் தாலிய அறுக்கறான்யா."

அந்த நூல்களை அப்படியே அள்ளிக்கொண்டு அக்காவிடம் போனேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் டவுனுக்கு வந்து போனார் என்று தாமோதரன் சொன்னார். பாக்கெட்டைப் பிரித்துத் தின்பவர்களின் எதிரில் உட்கார்ந்து அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாராம். ஒருவர் எரிச்சலாகி, "இன்னாம்மா, வேணுமா?" என்று நீட்டினாராம். "வேணாங்க, நீங்க தின்னுங்க, நல்லா தின்னுங்க" என்றாராம் அக்கா.

பங்குனியில் பங்கு போட்டார். பணமாக இல்லை. அவர் நிலத்துக் கடலை, மூட்டை மூட்டையாக. அதில் வரும் லாபத்தில்தான் அவருக்குப் பங்கு. வறுக்கச் சரக்கு இருந்தது. ஆனால் மெஷினுக்கு இன்னொரு பங்காளி வேண்டும். லாட்ஜ் வைத்திருந்த சண்முகத்திடம் போனேன். அதற்கு முன்பும் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் "வேற யார் போட்டிருக்காங்க?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். இம்முறை "பத்மாவதி அக்கா" என்றேன்.

"அந்தம்மாவா? சரி, ஒருநாள் வந்து பாக்கறேன்" என்றார்.

நான் கடலை வறுக்கும் கொட்டகைக்கு அவர் வந்த நாளும், அக்காவின் இரண்டாவது லோடு வந்த நாளும் ஒன்றாக அமைந்தது என் நேரம். சித்திரை. கோடை மழை கொட்டி ஓய்ந்திருந்தது. அக்காவே வண்டியோடு வந்திருந்தார். முதல் மூட்டையைப் பிரித்துக் கை விட்டேன். உள்ளே சூடாக இருந்தது. ஒரு கடலையை உடைத்தேன். பருப்பில் பச்சைப் பூசணம். இன்னொரு மூட்டை. அதிலும் அப்படியே.

சண்முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடிக்கு அதிக நாள் இல்லை. அக்கா விலகிக்கொண்டால் சண்முகமும் வரமாட்டார்; நான் மெட்ராஸ் ரயிலில் இருப்பேன். வாயை மூடிக்கொண்டு மூட்டையை உள்ளே போட்டிருக்கலாம். மசாலாவில் பாதி நாற்றம் மறைந்துவிடும். ஆனால் எனக்கு வாயை மூடவும் வராது.

"அக்கா, இது வேணாம். திருப்பி எடுத்துட்டுப் போங்க."

வண்டிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். அக்கா முகம் சிவந்துவிட்டது.

"ஏம்பா, யார் சரக்குன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரியும். உங்க சரக்குதான். பூத்துப்போச்சு."

"காய வெச்சா சரியாப் போவும்."

"ஈரம் போவும். கசப்பு போவாது. பஸ்ல ஒருத்தன் துப்பினா, நூல் திரும்பி வராதுக்கா."

அக்கா ஒரு கடலையை எடுத்து உடைத்தார். முகர்ந்து பார்த்தார். வாயில் போட்டார், அது பச்சைக் கடலைதானே, பூண்டு கிடையாது. அடுத்த நொடி தூவென்று துப்பினார். என்னைப் பார்க்கவில்லை. சண்முகத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா லாட்ஜ்காரரே? பங்காளி சரக்கையே மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பறான். இவங்கிட்ட போட்டுட்டு நான் பயப்படணுமா?" பிறகு வண்டிக்காரரிடம், "திருப்புப்பா. இந்தத் திமிருக்கு இன்னும் ரெண்டு லோடு ஜாஸ்தியாப் போடலாம். நல்லதாப் பாத்து."

சண்முகம் அங்கேயே ஒத்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. அக்கா அந்தக் கதையை மண்டி முழுக்கச் சொன்னார், தன் மானம் போன கதையைத் தானே, சிரிக்கச் சிரிக்க. அதுவரை "பாக்கலாம் தம்பி" என்றவர்கள் எங்கள் கொட்டகை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"மொதல்ல வர்றவன் பங்காளி. கூட்டத்தப் பாத்து வர்றவன் விருந்தாளி. விருந்தாளிக்கு டீ குடுத்து அனுப்பு" என்றார் அக்கா.

ஆடி பிறந்தபோது மெஷின் ஓடியது. அப்பா வந்து சூடான பாக்கெட் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். மெட்ராஸைப் பற்றி அதன்பின் பேசவே இல்லை.

ஒரு தடவை அக்காவுக்கென்றே பூண்டில்லாமல் ஒரு படி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஆசையாக வாயில் போட்டார். மென்றார். யோசித்தார்.

"நல்லவேள, நான் ருசி பாக்காமப் பங்கு போட்டேன்" என்றார். பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு மூட்டியது இதுதான்.

நாலைந்து வருஷம் கழித்து, தொழில் நன்றாக ஓடும்போது, தன் பங்கை எடுத்துக்கொள்கிறேன் என்றார். சண்டை போட்டேன். "ஓடறப்ப எறங்கிப் போறீங்களே, இது நியாயமா?"

"பஸ்ஸு ஸ்டார்ட் ஆகலன்னா எல்லாரும் எறங்கித் தள்றோம். ஸ்டார்ட் ஆனப்புறமும் பின்னாடியே தள்ளிக்கிட்டு ஓடுவியா? மொகத்துல புகைதான் அடிக்கும். போடா, அங்க ஒருத்தி ஊறுகாய்க்குப் பங்கு போட ஆள் இல்லாம நிக்கறா."

அந்த ஊறுகாயையும் அவர் ருசி பார்க்கவில்லை. அதிலும் பூண்டு.

சாவுச் செய்தி கேட்டு அன்று நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெரிய கூட்டம். சொந்தக்காரர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நின்றவர்களில் பலரை எனக்குத் தெரியாது. அவர்களும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பக்கத்தில் நின்றவரிடம், "நீங்க அக்காவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"வாடகை சைக்கிள் கடைங்க. நீங்க?"

"மசாலா கடலை."

"நான் ஸ்டவ் ரிப்பேரு" என்றார் பின்னால் நின்றவர். பெண்கள் பக்கத்திலிருந்து ஊறுகாய்க்காரம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

ஜீவகன் சார் எங்களிடம் வந்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். "எல்லாரும் கடைய மூடிட்டா வந்தீங்க?" என்றார். தலையாட்டினோம். "அவளுக்குத் தெரிஞ்சா திட்டுவா" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். எங்களுக்கும் அதுவே நடந்தது.

அக்காவைத் தூக்கும்போது எல்லோரும் குனிந்தோம். அப்போதுதான் கவனித்தேன். ஒருவர் இடுப்பில், ஒருவர் சட்டைப் பையில், ஒருவர் கையிலேயே, சாவிக்கொத்து. அந்த வரிசையில் அடுத்தவர் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் தங்கள் கடையைத் தாங்களே பூட்டிக்கொண்டு வந்தவர்கள்.

போய்ட்டு வாங்கக்கா. மத்தியான பஸ்ஸுக்குச் சரம் ஏத்தணும். நாங்க போய்க் கடையத் தொறக்கறோம்.