எண்ணெய் விற்கிறவன்

ஸ்காபரோவில் நான் வேலை செய்த பிளாஸ்ரிக் பக்ரறியில் ஆளுயரக் காற்றாடி ஒன்று ஓடியது. தொண்ணூறுகளின் ஒரு குளிர்காலத்தில் அதன் பெயாரிங் இரண்டு தடவை எரிந்துபோயிற்று. அதற்குக் கிறீஸ் அடிப்பவன் நான். மூன்றாவதும் எரிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மனேஜர் சொன்னார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஐந்து நாடு அலைந்தவனுக்கு வேலை போவது புதிதல்ல. ஆனால் இன்னோர் ஊரில் முதலிலிருந்து தொடங்கத் தெம்பு இருக்கவில்லை.

பெயாரிங் செய்த ஜப்பான் கம்பனி ஒருவரை அனுப்பியது. என்னைவிட இளையவர். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. கிறீஸ் துப்பாக்கியை எத்தனை தரம் அமுக்குகிறாய் என்று கேட்டார். மூன்று என்றேன். உண்மையில் இருபதுக்குக் குறையாது.

பக்கத்தில் வேலை செய்துகொண்டு நின்ற எங்களூர் அண்ணை ஒருவர் தமிழில் சொன்னார்: "மூண்டோ? பந்தியில பருப்புக்கு நெய் விடுற மாதிரியெல்லோ விடுறனீ."

மத்தியானம் ஜப்பான்காரர் தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் தனி. எதிரே போய் இருந்தேன். அவர் ஊர்த் திருவிழா வண்டிகளின் சில்லுகள் பக்கவாட்டில் திரும்பாதாம். முடக்கில் பிளந்த மூங்கிலைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, வண்டியைச் சறுக்கி இழுப்பார்களாம். பழைய மாட்டுவண்டிகளில் அச்சும் மரம், அது நுழையும் சில்லின் குடமும் மரம். மரம் மரத்தைத் தின்னாமல் எண்ணெய் பூசுவார்களாம். பெயாரிங்குக்குள் ஓடும் இரும்பு உருண்டைகள் வந்தது பிந்தித்தான்.

பிறகு, அவர்கள் மொழியில் வேலைக் கள்ளனை 'எண்ணெய் விற்கிறான்' என்பார்கள் என்றார். அந்தக் காலத்தில் தலைக்கு எண்ணெய் விற்கிறவன், கடைசிச் சொட்டு வடியும்வரை வீட்டுக்காரியோடு கதைத்துக்கொண்டு நிற்பானாம்.

"நீ எண்ணெய் விற்கிறவன் இல்லை. தேவைக்குக் கூடுதலாக வேலை செய்கிறாய். அளவுக்கு மிஞ்சினால் உருண்டை கிறீஸைக் கடைந்தே சூடாகும்."

எரிந்த பெயாரிங்கைக் கழற்றியபோதே கண்டிருக்கிறார். இருபது என்று ஒத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். மனேஜரிடம் நீ போய்ச் சொல்வதை எழுதுவேன் என்றார்.

போய்ச் சொன்னேன். மனேஜர், இனி மூன்றே மூன்று என்றார்.

ஜப்பான்காரர் அடுத்த நாளே போய்விட்டார். நான் அங்கே நாலு வருடம் நின்றேன். அவ்வளவு காலம் எந்த ஊரிலும் நின்றதில்லை. வாய் திறக்காமலே வேலை முடிந்துபோகும் நாட்களில், வெளிக்கிடுமுன் பெயாரிங் கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடிருக்காது.